அடிமண்ணுக்குச் சூடு வேணுமா? கோவையில மூணடிச் செடி டேங்க், ஹீட்டிங் கேபிள் பத்தி ஒரு கேள்வி

ஓடைமணல்:

வணக்கமுங்க. புதுசா ஒரு செடி டேங்க் (தண்ணிக்குள்ள செடி வளர்க்கற மீன் தொட்டி) போடறேன். இடம் கோவை, வடவள்ளிப் பக்கம், தரைத்தளம். அளவு 90 × 45 × 45 செ.மீ. மண்ணு, கட்டை எல்லாம் போக 150 லிட்டர் தண்ணி நிக்கும். தண்ணி சிறுவாணி. 40 வாட் எல்இடி, கேனிஸ்டர் ஃபில்டர், சிஓ2 சிலிண்டர் ரெடியா இருக்குது.

செடி: கிரிப்டோகோரைன் வென்டியை, ரெட்ரோஸ்பைராலிஸ், அமேசான் ஸ்வோர்ட் ரெண்டு, பின்னாடி ரொட்டாலா மேக்ராண்ட்ரா. மீன்: டெட்ராவும் கோரிடோராஸும் மட்டும். சூடு அதிகம் கேக்கற டிஸ்கஸ் மீன் இல்லை.

பழைய சப்ஸ்ட்ரேட் ஹீட்டிங் கேபிள் (அடிமண்ணுக்குள்ள பதிச்சுச் சூடாக்கற ஒயர்) ஒண்ணு விலைக்கு வருது. 50 வாட், 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோட. அடியில பதிச்சா வேர் நல்லா ஓடும், மண்ணு அழுகாதுன்னு சொல்றாங்க. நான் போடலாம்னு இருக்கறது 0.5 மி.மீ. பொடி மணல், 6 செ.மீ. உயரம், அடியில கொஞ்சம் செம்மண்ணு. இதே அறையில இருக்கற சின்ன டேங்குல சித்திரை, வைகாசி மதியம் 30, 31 டிகிரி. மார்கழி விடியக்காலம் 22, 23.

மண்ணு கொட்டிட்டா அப்புறம் பதிக்க வழியில்லை. அதனால இப்பவே முடிவு பண்ணோணும். போடலாமா, வேண்டாமா?

வேலம்பாசி:

உங்க டேங்குக்கு வேண்டியதில்லைங்க. காரணம் ரெண்டு: ஒண்ணு நம்ம ஊரு வெயில், இன்னொண்ணு நீங்க வாங்கப்போற மணல்.

இந்தக் கேபிள் 1980கள்ல ஜெர்மனியில டுப்ளா கம்பெனி மூலமாப் பரவுனது. அடியில லேசாச் சூடு கொடுத்தா கேபிளுக்கு நேர் மேல தண்ணி மெதுவா எழும்பும். ரெண்டு வரிசைக்கு நடுவுல மேல்தண்ணி கீழ இறங்கும். இறங்கற தண்ணி சத்தை வேருக்குக் கொண்டுபோகும், மண்ணும் அடைச்சுக் கெடாது. அவங்க தத்துவம் இதுதான், இதுல தப்பில்லை. ஆனா அவங்க வீட்டுக்குள்ள 20 டிகிரி, டேங்குக்கு வேண்டியது 25. எப்படியும் வருஷம் பூரா ஹீட்டர் ஓடியே ஆகோணும். கொடுக்கற சூட்டை மேல கொடுக்காம அடியில கொடுத்தாங்க, அவ்வளவுதான். நமக்கு அந்தச் சூடே தேவையில்லையே.

கணக்குப் பாருங்க. உங்க டேங்கோட கண்ணாடி, மேல்பரப்பு எல்லாம் சேர்ந்து ரெண்டு சதுர மீட்டர். அறையைவிடத் தண்ணி ஒரு டிகிரி கூடுதலா நிக்கறதுக்குத் தோராயமா 10 வாட் போதும். லைட்டும் மோட்டாரும் சேர்ந்தே ஒரு டிகிரி ஏத்திடும். 50 வாட் கேபிள் நிக்காம ஓடினா அதுக்கு மேல இன்னும் நாலஞ்சு டிகிரி. சித்திரையில 31 இருக்கற தண்ணி 35ஐத் தொட்டுரும். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30ல 7.6தான். சூடு ஏற ஏற மீனுக்கு வேண்டியது கூடும், தண்ணியில இருக்கறது குறையும்.

சரி, தெர்மோஸ்டாட் வெச்சு 26ல நிறுத்தறீங்கன்னு வெச்சுக்குவோம். அப்ப கேபிள் மார்கழி, தை ராத்திரியில சில மணி நேரம் ஓடும். மத்த மாசமெல்லாம் மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். சுழற்சிக்காகப் பதிச்ச சாமான், பத்து மாசம் சுத்தாதுங்க. வாட்டைக் குறைச்சு, 15 வாட்ல எப்பவும் ஓட விடலாம்னும் சிலர் சொல்வாங்க. அதுவும் ஒன்றரை டிகிரி ஏத்தும், ஏத்தறதும் சரியா வெயில் காலத்துலதான் வலிக்கும்.

இப்ப மணலுக்கு வர்றேன். மணல் பருமன் பாதியானா, அதுக்குள்ள தண்ணி ஓடற வசதி நாலுல ஒண்ணாயிரும். 2.5 மி.மீ. பருமணலோட ஒப்பிட்டா 0.5 மி.மீ. பொடி மணல்ல அது இருபத்தஞ்சுல ஒண்ணு. கேபிள் பக்கத்துல ரெண்டு டிகிரி வித்தியாசம் இருந்தா பருமணல்ல தண்ணி மணிக்குப் பத்து செ.மீ. வரைக்கும் நகரும்னு கணக்கு வருது. பொடி மணல்ல அரை செ.மீ. கூட வராது. இதுல இருக்கற சங்கடத்தைக் கவனிங்க: பருமணல்ல ஃபில்டர் ஓட்டத்துலயே ஓரளவு தண்ணி உள்ள போய் வந்துட்டுத்தான் இருக்கும், கேபிள் அவசியமில்லை. பொடி மணலுக்குச் சுழற்சி வேணும், ஆனா கேபிளால அதைக் கொடுக்க முடியாது.

ஏற்கெனவே கேபிள் பதிச்ச டேங்க் வெச்சிருக்கறவங்க இதைச் சோதிச்சே பாக்கலாம். ஊசி சிரிஞ்சுல அரை மில்லி சமையல் கலர் எடுத்து, முன்கண்ணாடியை ஒட்டி மணலுக்குள்ள 3 செ.மீ. ஆழத்துல மெதுவா இறக்குங்க. கண்ணாடியில பென்சிலால ஒரு கோடு. ஒரு மணி நேரம் கழிச்சு அந்தச் செவப்பு எங்க நிக்குதுன்னு பாருங்க.

வாய்க்கால்வரப்பு:

மேல சொன்னதோட வேர் விஷயத்தையும் சேர்க்கோணும். மண்ணுக்குள்ள ஆக்சிஜன் குறைஞ்சாலே கெடுதல்னு நினைக்கறதுதான் இந்தக் கேபிள் ஆசைக்கு மூலம்.

கோபிப் பக்கமோ காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்துலயோ தண்ணி கட்டின நெல்வயல்ல ஒரு தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்க. சேறு ஈயக் கலர்ல இருக்கும், அதுல ஆக்சிஜன் கிடையாது. ஆனா வேர் மேல செம்பழுப்பா ஒரு பூச்சு இருக்கும். அது துருங்க. இலையிலிருந்து தண்டுக்குள்ள இருக்கற காத்துக்குழாய் வழியா நெல்லு ஆக்சிஜனைக் கீழ இறக்குது. சேத்துல கரைஞ்சு கிடக்கற இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டதும் வேர் மேலயே துருவாப் படியுது. கிரிப்டோவும் ஸ்வோர்டும் சேத்துல வாழற செடிதான், அதுக்கும் இந்த ஏற்பாடு உண்டு.

இதுல முக்கியமான சேதி: இரும்பு ஆக்சிஜன் இருக்கற இடத்துல கரையாது, ஆக்சிஜன் குறைஞ்ச மண்ணுலதான் வேருக்குக் கிடைக்கற ரூபத்துல இருக்கும். நீங்க செம்மண்ணு போடறதே இரும்புக்காக. அடிமண்ணு பூரா ஆக்சிஜன் தண்ணி ஓடோணும்னு ஆசைப்பட்டா அந்த இரும்பைப் பூட்டி வெச்ச மாதிரி ஆயிரும்.

கெட்டுப்போறது வேற கதை. அதே வயல்ல பச்சைத் தழையை நிறைய மடக்கி உழுது, மக்க நாள் விடாம நட்டா வேர் கருத்துரும், அழுகின முட்டை நாத்தம் வரும். டேங்குலயும் அதேதான் நடக்குது. மக்காத சாணி, மண்புழு உரம், அழுகின இலை, கழுவாத மண்ணு, இதெல்லாம் 8 செ.மீ.க்கு மேல பொடி மணலுக்கு அடியில மாட்டிக்கிட்டா கந்தக வாயு வரும். குத்தம் போட்ட பொருள் மேல, மண்ணு குளிர்ச்சியா இருந்தது மேல இல்லை.

மணலைக் குத்தினா வர்ற எல்லாக் குமிழியையும் பாத்துப் பயப்பட வேண்டாம். நாத்தமில்லாத குமிழி பெரும்பாலும் நைட்ரஜன், மீத்தேன். நாத்தம் வந்தா மட்டும் மூங்கில் குச்சியால வாரத்துக்கு அஞ்சாறு இடத்துல குத்தி விடுங்க. ஒரே நாள்ல டேங்க் பூராக் குத்தாதீங்க. அன்னிக்கே முப்பது சதம் தண்ணி மாத்துங்க. டிரம்பெட் நத்தை பத்துப் பதினஞ்சு விட்டா ராத்திரியெல்லாம் மணலைக் கிளறிட்டே இருக்கும். கேபிள் பண்ணும்னு சொல்ற வேலையில பாதியை அது பண்ணிரும். பெருகறது நீங்க போடற தீவனத்தைப் பொறுத்தது.

ஆத்துல அடிமண்ணு சூடா இருக்கும்ங்கறதும் தப்புங்க. நம்ம கிணத்துத் தண்ணி மார்கழிக் காலையில வெதுவெதுன்னும், சித்திரை மதியத்துல ஜில்லுனும் இருக்கறது எல்லாருக்கும் தெரியும். பூமிக்குள்ள வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே சூடு. ஓடை மணல்ல ஊறி வர்ற தண்ணியும் அப்படித்தான், வெயில் காலத்துல மேல்தண்ணியைவிடக் குளிர்ச்சி. நீங்க கேட்ட ரெட்ரோஸ்பைராலிஸ் தென்னிந்திய ஆத்துச் செடி, மேக்ராண்ட்ராவும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் செடிதான். ரெண்டும் அடியில அடுப்பு வெச்சு வளர்ந்ததில்லை.

நீர்முள்ளி:

ரெண்டு பேரும் சொன்னது கோவைச் சமவெளிக்குச் சரி. ஆனா கேபிளே வீண்னு முடிவு கட்ட வேண்டாம். வால்பாறை மாதிரி மலை ஊருல, கருங்கல் மேடையில வெச்ச டேங்குல அடிமண்ணு மேல்தண்ணியைவிட ஒண்ணு ரெண்டு டிகிரி குறைஞ்சே நிக்கும். அங்க குளிர்மாசம் பூரா ஹீட்டர் ஓடத்தான் போகுது. அந்தச் சூட்டைக் கேபிள் வழியாக் கொடுத்தா லாபம் இருக்குது, அதுவும் 2, 3 மி.மீ. பருமணலா இருந்தா. அங்கயும் முதல் வேலை டேங்குக்கு அடியில 20 மி.மீ. தெர்மோகோல் போடறதுதான். பாதிக் குளிர்ச்சி அதுலயே நின்னுரும்.

பதிக்கறவங்களுக்கு முறை சொல்றேன், யாருக்காவது ஆகும். கேபிளை ரப்பர் பிடிப்பு வெச்சு அடிக்கண்ணாடிக்கு ஒரு செ.மீ. மேல தூக்கி நிறுத்தோணும், கண்ணாடியைத் தொடக்கூடாது. வரிசைக்கு வரிசை 5 செ.மீ. எங்கயும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, ஏறின இடத்துல உறை இளகிரும். சூடு வராத முனைப்பகுதி மட்டும்தான் தண்ணிக்கு மேல வரலாம். மண்ணு போடறதுக்கு முன்னாடி தண்ணி மட்டும் நிரப்பி ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்க. சென்சாரை மணலுக்குள்ள புதைக்காதீங்க, நடுத்தண்ணியில தொங்கோணும். புதைச்சா மணல் சூட்டை மட்டும் பாத்துட்டு டேங்க் குளிரா இருக்கறப்பவே நிறுத்திரும்.

பழைய கேபிள்னு சொன்னதுதான் எனக்குக் கவலை. 24 வோல்ட்ங்கறதால உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனா டிரான்ஸ்ஃபார்மர் உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாச் சுத்தின வகையா இருக்கோணும். வேற ஏதோ எல்இடி அடாப்டரை மாட்டித் தந்தா வாங்காதீங்க. உறையில நகம் ஓட்டிப் பாருங்க, ஒரு கீறல் தட்டினாலும் விட்டுருங்க. மண்ணுக்குள்ள போன கேபிள் கெட்டா டேங்கையே கலைக்கோணும். மேல தொங்கற ஹீட்டர் கெட்டா ரெண்டு நிமிஷத்துல மாத்திரலாம்.

நர்சரியில நாத்துக்குப் போடற 230 வோல்ட் மண் சூடாக்கும் கேபிளை யாரும் தண்ணிக்குள்ள இறக்கிராதீங்க. டேங்குக்கு அடியில வைக்கற சூட்டுப் பாயும் வேண்டாம். மேல மணல், கீழ தெர்மோகோல், நடுவுல சூடு போக வழியில்லாம அடிக்கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சு விரிசல் விடலாம்.

போர் தண்ணி டேங்க் வெச்சிருக்கறவங்க இன்னொண்ணும் யோசிக்கோணும். திருப்பூர், அவிநாசிப் பக்கமெல்லாம் உப்புத் தண்ணி. சூடான பரப்புலதான் சுண்ணாம்பு முதல்ல படியும், வெந்நீர் போடற ஹீட்டர்ல பாக்கறோமே, அது மாதிரி. கேபிளைச் சுத்தி மணல் கட்டி கட்டிப் போனா சுழற்சி இன்னும் குறைஞ்சுரும்.

ஓடைமணல்:

மூணு பேருக்கும் நன்றிங்க. கேபிளை விட்டுட்டேன். அப்ப அந்தக் காசை எதுல போடறது? மணலை மாத்தோணுமா? அப்புறம் ஒரு சந்தேகம். அந்தச் சின்ன டேங்குல புது இலை சுருண்டு, முறுக்கிக்கிட்டு வருது. அடிமண்ணு குளிரா இருக்கறதாலதான்னு ஒருத்தர் சொன்னார். இதுவும் சிறுவாணிதான்.

வேலம்பாசி:

கடைசியில கேட்டதுக்கு முதல்ல வர்றேன், அதுதான் முக்கியம். சிறுவாணித் தண்ணி குடிக்க அமிர்தம், செடிக்கு ஏழைத் தண்ணி. கால்சியமும் மக்னீசியமும் ரொம்பக் குறைவு. கால்சியம் செடிக்குள்ள பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது. அதனால குறை முதல்ல குருத்துலதான் தெரியும்: சுருங்கும், முறுக்கும், நுனி கருகும். 22, 23 டிகிரி மண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

150 லிட்டருக்குக் கடினத்தன்மை மூணு டிகிரி ஏத்தப் பாருங்க (இந்த டிகிரி சூடு இல்லை, தண்ணியில இருக்கற கால்சியம், மக்னீசியத்தோட அளவு). கால்சியத்துக்கு ரெண்டு டிகிரி ஜிப்சத்துல, மக்னீசியத்துக்கு ஒரு டிகிரி எப்சம் உப்புல. சுத்தமான ஜிப்சம் 9 கிராம், எப்சம் 6.5 கிராம். ஜிப்சம் லேசுல கரையாது. பத்து லிட்டர் பக்கெட்ல போட்டு ஒரு ராத்திரி காத்துக்குழாய் ஓட விட்டுக் காலையில ஊத்துங்க. தண்ணி மாத்தறப்ப மாத்தற அளவுக்கு மட்டும் இதே விகிதம்: 50 லிட்டர் மாத்தினா 3 கிராம், 2.2 கிராம். இலை திருந்துதான்னு இனி வர்ற குருத்துல பாருங்க, முறுக்கின பழைய இலை நிமிராது.

மணல் 1லிருந்து 2 மி.மீ. எடுங்க. கோரிடோராஸ் மீசைக்கும் உறுத்தாம, முனை மழுங்கின ஆத்து மணலோ ஃபில்டர் மணலோ போதும். எம்-சாண்ட் வேண்டாம், முனை கூரு, தூசியும் தீராது. நம்ம பக்கத்து மண்ணுல சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) கலந்திருக்கும். ஒரு கைப்பிடி மணல்ல வினிகர் ஊத்துங்க, நுரைச்சா வேண்டாம். உங்க அடிப்பரப்புக்கு ஒரு செ.மீ. உயரத்துக்கு நாலு லிட்டர். முன்னாடி 4, பின்னாடி 8 வெச்சாச் சராசரி 6 செ.மீ., மொத்தம் 24 லிட்டர், எடையில 36 கிலோ சொச்சம். செம்மண்ணு போட்டே ஆகோணும்னா உரம் படாத வரப்பு மண்ணு எடுத்து, சலிச்சு, மூணு நாலு தடவை ஊற வெச்சு வடிச்சுக் காய வெச்சு, ஒரு செ.மீ.க்கு மேல போகாமப் பரத்துங்க. அதைவிட எளிசு வேர் மாத்திரை (வேர்கிட்டப் புதைக்கற உர மாத்திரை): ஸ்வோர்டுக்கு மூணு மூணு, கிரிப்டோ கூட்டத்துக்கு 15 செ.மீ.க்கு ஒண்ணு, அஞ்சு செ.மீ. ஆழத்துல. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா.

மிச்சக் காசு ஃபேனுக்குப் போகட்டும். உங்களுக்கு வேண்டியது சூடு இல்லை, குளிர்ச்சி. 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் 120 மி.மீ., ரெண்டு, மேல்தண்ணியைச் சாய்வா உரசற மாதிரி. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகறப்ப எடுத்துட்டுப் போற சூடு, 100 லிட்டரை அஞ்சரை டிகிரிக்கு மேல குளிர வைக்கப் போதுமானது. அறைச் சூடு திரும்ப உள்ள வர்றதால கையில நிக்கறது ரெண்டு மூணு டிகிரி. காத்து காய்ஞ்சிருக்கற பங்குனி சித்திரையில நல்லா வேலை செய்யும், மழைக்காலத்து ஈரக்காத்துல குறையும். குறையற தண்ணிக்கு உப்புச் சேர்க்காத சிறுவாணியையே ஊத்துங்க. ஆவியாறது தண்ணி மட்டும்தான், உப்பு டேங்குலயே நிக்கும்.

ஃபேனையும் ஹீட்டரையும் சூட்டைப் பாத்துப் போட்டு நிறுத்தற கண்ட்ரோலர் எஸ்டிசி 1000 போதும். அதுல ஹீட்டருக்கு ஒண்ணு, குளிர்ச்சிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே (தானா இயங்கற சுவிட்சு) இருக்குது, ஆனா செட் பாயிண்ட் ஒண்ணுதான். எஃப்1ல (செட் பாயிண்ட்) 26, எஃப்2ல (அதுலிருந்து எத்தனை டிகிரி விலகினா ஓடோணும்ங்கறது) 2 வைங்க. 28க்கு ஏறினா ஃபேன் ஓடி 26ல நிக்கும். 24க்கு இறங்கினா ஹீட்டர் ஓடி 26ல நிக்கும். எஃப்2வை 0.5ல விட்டுட்டா ரெண்டும் மாறி மாறிச் சண்டை போடும். ஹீட்டர் 100 வாட் சாதா வகை, அதோட சொந்தத் தெர்மோஸ்டாட்டை 27ல வெச்சுருங்க. ரிலே ஒட்டிக்கிட்டாலும் அது காப்பாத்தும்.

நீர்முள்ளி:

கண்ட்ரோலர் 230 வோல்ட், அதை டேங்குக்கு மேல வைக்காதீங்க. பக்கவாட்டுல, தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல மாட்டுங்க. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ தொங்கி மேல ஏறட்டும், வழியற சொட்டு அந்த வளைவுலயே விழுந்துரும். அந்த லைன்ல 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற சுவிட்சு) இருக்கோணும். இல்லைன்னா மீன் வாங்கறதுக்கு முன்னாடி அதை மாட்டுங்க.

ஓடைமணல்:

சரிங்க. நாளைக்கே வினிகர் பாட்டிலோட மணல் கடைக்குப் போறேன். டேங்குக்கு அடியில தெர்மோகோல் இங்கயும் போடலாமா, இல்லை வெயில் காலத்துல சூட்டைப் பிடிச்சு வெச்சுக்குமா?

நீர்முள்ளி:

போடுங்க, 10 மி.மீ. போதும். இங்க அது குளிருக்கு இல்லை, ஸ்டாண்டுப் பலகை மேடுபள்ளம் கண்ணாடியைக் குத்தாம இருக்கறதுக்கு. சூடு மேல்தண்ணி வழியா ஃபேன் காத்துலதான் போகப்போகுது, அடி வழியா இல்லை. ஆனா அடிக்கண்ணாடியைச் சுத்திப் பிளாஸ்டிக் சட்டம் வெச்ச டேங்கா இருந்தா போடாதீங்க. அந்த வகையில எடை சட்டத்து மேல நிக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. தெர்மோகோல் நடுக்கண்ணாடியை மேல தள்ளிரும்.